போற வழி நம்ம கையில, வர்ற வழி? புள்ளலூர் போரும் பிஜிபியும்

ஆடியோவா கேட்க நேரம் கிடைக்காதவங்களுக்காக இந்த எபிசோடை எழுத்து வடிவத்துல தர்றேன். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் எடுத்திருக்கேன். மத்தபடி பேசினது பேசின மாதிரியேதான் இருக்கும்.

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி சின்னதுதான். உங்க நெட்வொர்க்கை விட்டு ஒரு பாக்கெட் வெளியே போகுது. வெளியே போக மூணு வாசல் இருக்கு. எந்த வாசல் வழியா போகணும்னு யார் முடிவு பண்றாங்க? எதை வச்சு முடிவு பண்றாங்க?

காலேஜ்ல படிச்சவங்க உடனே "பிஜிபி"ன்னு சொல்லிடுவீங்க. சரிதான். ஆனா பிஜிபியை நம்மள்ல பல பேர் கமாண்டா மனப்பாடம் பண்ணித்தான் படிச்சோம். எந்த அட்ரிபியூட் முதல்ல, எது ரெண்டாவதுன்னு ஒரு பட்டியல், இன்டர்வியூல ஒப்பிச்சா போதும். அந்தப் பட்டியல் ஏன் அந்த வரிசையில இருக்குன்னு கேட்டா, அதுக்குப் பதில் வரலாறுல இருக்கு. அதுல ஒரு பகுதி நம்ம சென்னையிலேயே நடந்த வரலாறு. அதுக்கு முன்னாடி, காஞ்சிபுரம் பக்கத்துல இருக்குற ஒரு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்.

புள்ளலூர், 1780

காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கு புள்ளலூர். ஆங்கிலேயர் ஆவணங்கள்ல "பொள்ளிலூர்"னு வரும். ரொம்பப் பழைய போர்க்களம். மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளைப் புள்ளலூர்ல வென்றதா காசாக்குடிச் செப்பேடு சொல்லுது. அது 7-ஆம் நூற்றாண்டுக் கதை. நமக்கு வேண்டியது அதுக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, 1780 செப்டம்பர்ல நடந்த கதை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஹைதர் அலிக்கும் இரண்டாம் மைசூர்ப் போர் ஆரம்பிச்சிருந்த நேரம். காஞ்சிபுரத்துல ஹெக்டர் மன்றோ தலைமையில ஒரு படை. சென்னையில குதிரை மேல சிலையா உட்கார்ந்திருக்காரே தாமஸ் மன்றோ, அவர் வேற, இவர் வேற. வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோட வர்றார். ரெண்டு படையும் காஞ்சிபுரத்துல சேரணும்னு திட்டம்.

ஆகஸ்ட் கடைசியில பெய்லி கொசஸ்தலை ஆற்றோட வடகரையில முகாம் போட்டார். ராத்திரி ஆத்துல வெள்ளம் வந்துடுச்சு. செப்டம்பர் 3 வரைக்கும் கடக்க முடியல. கடந்து பேரம்பாக்கம் வந்தா, 6-ஆம் தேதி திப்பு சுல்தான் வழிமறிச்சுத் தாக்கினார். பெய்லி மன்றோவுக்குக் கடிதம் எழுதினார்: என்னால அங்கே வர முடியாது, நீங்க இங்கே வாங்க.

மன்றோ தானே போகல. அவரோட அரிசி, தளவாடம் எல்லாம் காஞ்சிபுரத்துல இருந்தது, அதை விட்டுட்டு நகர மனசில்லை. அதனால கர்னல் ஃபிளெட்சர் தலைமையில சுமார் 1000 பேரை 8-ஆம் தேதி ராத்திரி அனுப்பினார். இதுலதான் நமக்கான விஷயம் இருக்கு. கூடப் போன வழிகாட்டிகள் ஹைதர் பக்கம் சாய்ஞ்சவங்க. பாதி வழியில ஃபிளெட்சருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அவங்க காட்டின நேர் வழியை விட்டுட்டு, சுத்து வழியா போய், பத்திரமா பெய்லிகிட்ட சேர்ந்துட்டார்.

ஆனா சேர்ந்த படை திரும்பிக் காஞ்சிபுரம் வரணுமே! 10-ஆம் தேதி காலையில புள்ளலூர்ல ஹைதரும் திப்புவும் சுத்தி வளைச்சாங்க. ராக்கெட்டும் பீரங்கியும் பொழிஞ்சது. வெடிமருந்து வண்டிகள் வெடிச்சுது. பெய்லி சரணடைஞ்சார். 1782-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல கைதியாவே இறந்து போனார். ஃபிளெட்சரும் அந்தப் போர்லேயே போயிட்டார். பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்துல இருந்த மன்றோ, கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்துல தள்ளிட்டு செங்கல்பட்டுப் பக்கமா பின்வாங்கினார்.

இதிலிருந்து ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம். ஒண்ணு, வழி எவ்வளவு நீளம்ங்கறதை விட, அந்த வழியை யார் சொல்றாங்கங்கறது முக்கியம். ரெண்டு, தன்கிட்ட இருந்து கிளம்புற ஆளை எந்த வழியா அனுப்பலாம்னு மன்றோ முடிவு பண்ணலாம். பெய்லி எந்த வழியா வரணும்னு கடிதம்தான் எழுதலாம். நடக்குறது பெய்லியோட கால். இன்டர்நெட்லயும் இதேதான்.

ரெண்டு மூணு நாப்கின்

1982-ல எரிக் ரோசன் எழுதின இஜிபின்னு ஒரு புரோட்டோகால் இருந்தது. எக்ஸ்டீரியர் கேட்வே புரோட்டோகால். நடுவுல ஒரு மைய நெட்வொர்க், அதுலேர்ந்து கிளை பிரியுற மாதிரி மத்ததெல்லாம்னு அது எதிர்பார்த்தது. மரம் மாதிரி. மரத்துல கிளையிலிருந்து வேருக்கு ஒரே வழிதான், தேர்ந்தெடுக்க ஒண்ணுமில்லை.

எண்பதுகளோட கடைசியில அது ஒத்து வரல. அமெரிக்காவுல என்எஸ்எஃப்நெட் பெரிய முதுகெலும்பா வளர்ந்திருந்தது. அது அரசுப் பணத்துல ஓடுறது, வணிக டிராஃபிக் போகக் கூடாதுன்னு அதுக்கு விதி. பக்கத்துலேயே வேற நெட்வொர்க்குகள் வந்துட்டே இருந்தது. அதாவது, தொழில்நுட்ப ரீதியா ஒரு வழி இருந்தாலும் அந்த வழியா நீ போகக் கூடாதுன்னு சொல்ல வேண்டிய நிலைமை. தூரத்தை மட்டும் கணக்குப் போடுற புரோட்டோகாலால இதைச் சொல்ல முடியாது.

1989 ஜனவரியில டெக்சஸ் ஆஸ்டின்ல ஐஇடிஎஃப் கூட்டம். மதியச் சாப்பாட்டு நேரத்துல ஐபிஎம்-ஐச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டரும் சிஸ்கோவைச் சேர்ந்த கிர்க் லௌகீடும் உட்கார்ந்து ரெண்டு மூணு நாப்கின்ல ஒரு புது புரோட்டோகாலை வரைஞ்சாங்க. அதுதான் பிஜிபி. அதே வருஷம் ஜூன்ல ஆர்எஃப்சி 1105-ஆ வெளியாச்சு. நாம இன்னைக்கு ஓட்டுற நாலாவது பதிப்பு 1994-95-ல வந்தது. இப்போ நடைமுறையில இருக்குற ஆவணம் 2006 ஜனவரியில வந்த ஆர்எஃப்சி 4271.

ஐடியா எளிமையானது. ஒவ்வொரு நிறுவனத்தோட நெட்வொர்க்குக்கும் ஒரு எண். அட்டானமஸ் சிஸ்டம் எண், சுருக்கமா ஏஎஸ் எண். பிஎஸ்என்எல் 9829, பார்தி ஏர்டெல் 9498, ஜியோ 55836, பழைய விஎஸ்என்எல் 4755. ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட "இந்த முகவரிகளுக்குப் போகணும்னா என் வழியா போகலாம், நடுவுல இன்னின்ன ஏஎஸ் வரும்"னு அறிவிப்பாங்க. அந்த எண்களோட வரிசைதான் ஏஎஸ் பாத். அதுல தன்னோட எண்ணே இருந்தா, சுத்திச் சுத்தி வர்ற வழின்னு தூக்கிப் போட்டுடலாம்.

அறிவிப்பு ஒரு பக்கம் போனா டிராஃபிக் அதுக்கு எதிர்ப் பக்கம் வரும். இதை மனசுல வச்சுக்கோங்க. நான் அறிவிச்சது, என்கிட்ட வர்ற டிராஃபிக்குக்காக. என்கிட்ட அறிவிக்கப்பட்டது, நான் அனுப்பப் போற டிராஃபிக்குக்காக.

எஜமான் யாரு?

ஒரே முகவரிக்கு மூணு பேர் மூணு வழி அறிவிச்சா எதை எடுக்கிறது? பட்டியல்ல மேல இருக்குறது லோக்கல் பிரெஃபரன்ஸ். சிஸ்கோ ரவுட்டர்ல அதுக்கும் மேல "வெயிட்"னு ஒண்ணு இருக்கு, ஆனா அது அந்த ஒரு ரவுட்டரோட நின்னுடும். லோக்கல் பிரெஃபரன்ஸ் உங்க ஏஎஸ் முழுக்கத் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. வெறும் ஒரு எண். எது பெருசோ அது ஜெயிக்கும். எதுவும் சொல்லாம விட்டா பெரும்பாலான ரவுட்டர்ல 100. அது சமமா இருந்தாத்தான் ஏஎஸ் பாத் நீளம், அதுக்கு அப்புறம் ஆரிஜின், எம்இடின்னு கீழே இறங்கும்.

கவனிங்க, தூரம் ரெண்டாவதுதான். முதல் இடம் உங்க இஷ்டத்துக்கு. ஃபிளெட்சர் பண்ணினது இதுதான்: வழிகாட்டி சொன்னது குறுகிய வழி, ஆனா அந்த ஆளுக்கு நான் குறைஞ்ச மார்க் போடுறேன்.

ஒரு உதாரணம். காஞ்சிபுரத்துல ஒரு சின்ன ஐஎஸ்பி இருக்குன்னு வச்சுக்கோங்க. மூணு வாசல். சென்னை எக்ஸ்சேஞ்சுக்கு ஒண்ணு, விலை குறைஞ்ச ஒரு டிரான்சிட், விலை அதிகமான இன்னொரு டிரான்சிட். எக்ஸ்சேஞ்ச்ல கேட்ட ரூட்டுக்கு 200, விலை குறைஞ்சதுக்கு 150, மத்ததுக்கு 100. அவ்வளவுதான். வெளியே போறதெல்லாம் முதல்ல எக்ஸ்சேஞ்ச், இல்லைன்னா மலிவு, அதுவும் இல்லைன்னா விலை அதிகமானது. ஒரு லைன் அறுந்தா அதோட ரூட் மறைஞ்சு, அடுத்தது தானா மேல வரும்.

சரி, உள்ளே வர்றதை? அதுக்குக் கட்டளை கிடையாது, வேண்டுகோள்தான். விலை அதிகமான பக்கம் அறிவிக்கும்போது உங்க ஏஎஸ் எண்ணையே மூணு நாலு தடவை சேர்த்து, "இந்த வழி நீளம், வராதீங்க"ன்னு காட்டலாம். இதுக்கு ப்ரீபெண்டிங்னு பேர். ஆனா எதிர்ப் பக்கத்துக்காரர் லோக்கல் பிரெஃபரன்ஸ்ல முடிவு பண்ணியிருந்தா, நீளத்தைப் பார்க்கவே மாட்டார். எம்இடி-யும் பக்கத்து நெட்வொர்க்குக்குக் கொடுக்குற குறிப்பு மட்டும்தான்.

1996 ஆகஸ்ட்ல இதுக்கு ஒரு நல்ல வழி பிறந்தது. ரூட் மேல ஒட்டுற கம்யூனிட்டிங்கற சீட்டு. அதே மாசம் வந்த ஆர்எஃப்சி 1998-ல, எம்சிஐ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு ஏற்பாட்டை விளக்கினாங்க: இந்தச் சீட்டை ஒட்டினா, உன் ரூட்டுக்கு எங்க பக்கத்துல லோக்கல் பிரெஃபரன்ஸை 90, 80, 70-ன்னு குறைச்சுக்கறோம். பெய்லியோட கடிதம் மாதிரிதான். எதிர்ப் பக்கம் படிச்சு ஒத்துக்கிட்டாத்தான் பலன்.

இந்த எண்களை எதை வச்சுப் போடுறாங்க? பணம். 2001-ல லிக்சின் காவோவும் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டும் ஒரு ஆய்வுக் கட்டுரையில இதை ஒழுங்கா எழுதிக் காட்டினாங்க. எனக்குக் காசு தர்ற வாடிக்கையாளர் வழி முதல்ல. காசில்லாம பரிமாறிக்கிற சக நெட்வொர்க் அடுத்தது. நான் காசு கொடுக்குற ஆள் கடைசி. எல்லாரும் இப்படி நடந்துக்கிட்டா மொத்த இன்டர்நெட்டும் நிலையா இருக்கும்னு நிரூபிச்சாங்க.

சென்னையிலிருந்து சென்னைக்கு

இப்போ நம்ம ஊர். 1995 ஆகஸ்ட் 15-ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தப்ப வெளிநாட்டுக்கு ஒரே வாசல்தான். லோக்கல் பிரெஃபரன்ஸுக்கு வேலையே இல்லை. 1998 நவம்பர்ல தனியார் ஐஎஸ்பிகளுக்கு அனுமதி கிடைச்சுது. 2002-ல பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட ஐ2ஐ கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைச்சுது. நீளம் சுமார் 3200 கிலோமீட்டர். அதே வருஷம் ஏப்ரல்ல வெளிநாட்டுத் தொலைபேசியில விஎஸ்என்எல்லோட தனியுரிமை முடிஞ்சுது. 2004-ல டாட்டாவோட சென்னை-சிங்கப்பூர் கேபிளும் வந்தது.

வாசல் பெருகிச்சு. ஆனா உள்ளூர்ல ஒருத்தரோட ஒருத்தர் இணையல. ஒவ்வொரு ஐஎஸ்பியும் தனித்தனியா வெளிநாட்டு டிரான்சிட் வாங்கினாங்க. விளைவு, ஒரே ஊர்ல ரெண்டு பேர் ரெண்டு கம்பெனி கனெக்‌ஷன் வச்சிருந்தா, பாக்கெட் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். கணக்குப் போட்டுப் பாருங்க. சிங்கப்பூர்ல சந்திச்சாங்கன்னே வச்சுக்கிட்டாலும், கேள்வி போய்ச் சேர 6400 கிலோமீட்டர், பதில் வர இன்னொரு 6400. ஃபைபர்ல ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர். கிட்டத்தட்ட 64 மில்லிசெகண்ட் வெறும் பயணத்துக்கே. அமெரிக்கா போய் வந்தா இன்னும் பல மடங்கு. ரெண்டு கம்பெனியும் வெளிநாட்டு பேண்ட்வித்துக்குக் காசு வேற கொடுக்கணும்.

இதைச் சரி பண்ணத்தான் 2003 ஜூன்ல நிக்சி, அதாவது நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா, பதிவாச்சு. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தான்னு முதல் மையங்கள். நோக்கம் நல்ல நோக்கம்: உள்ளூர் டிராஃபிக் உள்ளூர்லேயே கை மாறட்டும்.

ஆனா அங்கே ஒரு கட்டண விதி இருந்தது. எக்ஸ் மைனஸ் ஒய்னு சொல்வாங்க. நீங்க வாங்கினது எவ்வளவு, அனுப்பினது எவ்வளவுன்னு கழிச்சுப் பார்த்து, அதிகமா வாங்கினவர் அதிகமா அனுப்பினவருக்குக் காசு கொடுக்கணும். கேட்கிறவர் காசு கொடுக்கட்டும்ங்கற தத்துவம். கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா?

பிஜிபியைத் தெரிஞ்சுக்கிட்டு இப்போ இதைப் பாருங்க. காசு கொடுக்குறது வாங்குறவர். ஆனா எந்த வழியா அனுப்பணும்ங்கற லோக்கல் பிரெஃபரன்ஸ் அனுப்புறவர் கையில. பில் ஒருத்தருக்கு, ஸ்டியரிங் இன்னொருத்தருக்கு. அனுப்புறவருக்கு நிக்சி வழியா தள்ளினா வருமானம், அதனால அந்த வழிக்கு எண்ணை ஏத்துவார். வாங்குறவர்கிட்ட இருக்குற உறுதியான ஆயுதம் ஒண்ணே ஒண்ணு: நிக்சியில தன் ரூட்டை அறிவிக்காம இருக்குறது, இல்லைன்னா பாதியை மட்டும் அறிவிக்கிறது. அறிவிக்காத முகவரிக்கு எவ்வளவு லோக்கல் பிரெஃபரன்ஸ் போட்டாலும் போக முடியாது. பாக்கெட் மறுபடி வெளியூர் சுத்தும்.

வீட்டுல உட்கார்ந்து வீடியோ பார்க்கிற மக்களை அதிகமா வச்சிருக்குற ஐஎஸ்பிதான் எப்பவும் அதிகமா வாங்கும். அதாவது சந்தாதாரரைச் சேர்க்கச் சேர்க்க பில் ஏறும். சர்வரை வச்சிருக்குறவருக்கு வரவு. உறுப்பினர்கள் அந்த வட்டாரத்து ரூட்டுகளை எல்லாம் கட்டாயம் அறிவிக்கணும்னு நிக்சி தன் விதியிலேயே எழுத வேண்டியிருந்தது. தானா பண்ணியிருந்தா கட்டாயம்ங்கற வார்த்தைக்கு என்ன அவசியம்? பின்னாடி சென்னையில தனியார் எக்ஸ்சேஞ்சுகளும் வந்து, போர்ட்டுக்கு மட்டும் வாடகை, டிராஃபிக் கணக்கு கிடையாதுன்னு ஆரம்பிச்சப்ப, கூகுள் மாதிரி கன்டென்ட் கம்பெனிகளோட நேரா கை கோர்க்கிறது சின்ன ஐஎஸ்பிகளுக்குச் சுலபமாச்சு.

2015 மார்ச் 12

எண்ணுல இஷ்டத்தை எழுதுறது எவ்வளவு பெரிய அதிகாரம்ங்கறதுக்கு இன்னொரு இந்திய உதாரணம். ஹாத்வே நெட்வொர்க்குக்குக் கூகுளோட நேரடி இணைப்பு இருந்தது. அதுல கேட்ட கூகுள் ரூட்டுகள் தனக்குள்ளேயே இருக்க வேண்டியவை. 2015 மார்ச் 12-ல அது மேலே ஏர்டெல்லுக்குக் கசிஞ்சுது. ஏர்டெல் அதை உலகத்துக்கு அறிவிச்சுது.

ஏர்டெல் ஏன் நம்பணும்? முன்னாடி சொன்ன வரிசையை நினைச்சுப் பாருங்க. வாடிக்கையாளர்கிட்ட இருந்து வந்த ரூட், லோக்கல் பிரெஃபரன்ஸ்ல முதல் இடம். அதுக்கு மேல இருக்குற பெரிய நெட்வொர்க்குகளுக்கு ஏர்டெல் வாடிக்கையாளர். அங்கேயும் அதே விதி. சங்கிலி மாதிரி பரவி, எங்கெங்கேயோ இருக்குற ஆட்கள் கூகுளுக்கு அனுப்பினது இந்தியா பக்கம் திரும்புச்சு. சிறிது நேரம் பல நாடுகள்ல கூகுள் கிடைக்கல. வழிகாட்டி கெட்டவனா இருக்கணும்னு இல்லை, தெரியாம தப்பா கை காட்டினாலும் படை அந்தப் பக்கம்தான் போகும். அதனாலதான் பொறுப்பான நெட்வொர்க்குகள் எண் போடுறதுக்கு முன்னாடி ஃபில்டர் போடுறாங்க: இந்த வாடிக்கையாளர் இந்த முகவரிகளை மட்டும்தான் அறிவிக்கலாம், மத்தது குப்பைக்கு.

இன்னொண்ணும் சொல்லிடணும். லோக்கல் பிரெஃபரன்ஸ் ஒரே முகவரித் தொகுதிக்கு வர்ற வழிகளுக்குள்ள மட்டும்தான் ராஜா. யாராவது அதை விடச் சின்னத் தொகுதியை அறிவிச்சா, ரவுட்டர் அதைத்தான் எடுக்கும். 2008 பிப்ரவரி 24-ல பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபைத் தன் நாட்டுக்குள்ள தடுக்கப் போட்ட ஒரு சின்ன ரூட் வெளியே கசிஞ்சு, சுமார் ரெண்டு மணி நேரம் உலகம் பூராவும் யூடியூபைச் சாய்ச்சது அப்படித்தான்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

புள்ளலூர்ல ஒரு பொண்ணு போன்ல ஆன்லைன் தேர்வு எழுதுதுன்னு வச்சுக்கோங்க. சர்வர் சென்னையிலதான் இருக்கு, எழுபது எண்பது கிலோமீட்டர். பக்கம் நகர லேட் ஆகுது. டவர் சரியில்லைன்னு நினைப்போம். பல நேரம் அது உண்மையாவும் இருக்கும். ஆனா டவரைத் தாண்டின பிறகு பாக்கெட் மும்பை போச்சா, சிங்கப்பூர் போச்சா, நேரா சென்னையில கை மாறுச்சாங்கறதை அந்தப் பொண்ணால தீர்மானிக்க முடியாது. கிராமத்துக்கு ஃபைபர் வந்தாலும் இது மாறாது. ஃபைபர் சாலை மட்டும்தான். எந்தச் சாலையில திரும்பணும்ங்கறது எங்கேயோ ஒரு ரவுட்டர்ல யாரோ எழுதின மூணு இலக்க எண். அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு ஒப்பந்தம், ஒரு கட்டண விதி. அதனாலதான் கட்டண விதி எழுதுறவங்களுக்கு பிஜிபி தெரியணும்னு நான் சொல்றேன். வழியைத் தீர்மானிக்க முடியாதவர்கிட்ட பில்லை நீட்டினா, அவர் வாசலை மூடுவார்.

நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுலேர்ந்து உங்க ஊர்ல இருக்குற ஏதாவது ஒரு சர்வருக்கு ட்ரேஸ்ரூட் போடுங்க. அது காட்டுறது போற வழியை மட்டும். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குப் போட்டுப் பார்க்க முடியுமான்னு பாருங்க. பல நெட்வொர்க்குகள் லுக்கிங் கிளாஸ்னு ஒரு பக்கம் வச்சிருக்காங்க, அதுல போடலாம். ரெண்டும் ஒரே வழியா இருக்காது, பெரும்பாலும். எங்கே பிரியுதுன்னு கண்டுபிடிச்சு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.